மேலிருந்து தெரிந்த வீடு

கணபதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. கடைந்ததை வேனில் ஏற்றிக்கொண்டு துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், சில நாள் பொள்ளாச்சி வரைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். மகன் வேலைக்கு வெளியூர் போன பிறகு, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் என் மனைவியும் வேனில் ஏறி வரத் தொடங்கினாள். வண்டி ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்க எனக்கு வராது. அதனால் வழி சொல்லுகிற பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு அது வெகு சீக்கிரம் கைவந்துவிட்டது. "அடுத்த பேக்கரிக்கு முன்னால லெப்டுங்க. அதுக்கும் அடுத்த பேக்கரி இல்ல, நான் சொல்றது பச்சை போர்டு வெச்சது" என்பாள். எங்கள் ஊரில் மூலைக்கு மூலை பேக்கரி. அதைக் கலக்காமல் சொல்வதற்கே தனித் திறமை வேண்டும். எந்தச் சந்தில் வேன் திரும்பும், எதில் சிக்கிக்கொள்ளும் என்பதைப் போய்ப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். மேப்பில் எல்லாரும் பார்க்கிற கோட்டுப் படத்தை அவள் பார்ப்பதில்லை. மேலிருந்து எடுத்த போட்டோ இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டுதான் வழி சொல்வாள். "கோட்டைப் பாத்தா என்னங்க தெரியும்? இதுல மரம், ஊடு எல்லாம் தெரியுதில்ல" என்பாள்.

வீட்டிலும் அவள் மேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, மதியம் படுத்திருக்கும்போது, இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்ப்பாள். மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல இவளுக்கு இது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் துடியலூரில் புதிதாக ஆர்டர் கொடுத்திருந்த மோட்டார் கடையைத் தேடிக்கொண்டிருந்தோம். அவள் இறங்கி ஒரு கடையில் விசாரிக்கப் போயிருந்தாள். போன் சீட்டில் கிடந்தது. நானே பார்த்துவிடலாம் என்று எடுத்து மேப்பைத் திறந்தேன். திறந்ததும் வந்தது துடியலூர் இல்லை. படம் முழுக்கத் தென்னந்தோப்பு. மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு மரமும் கை விரித்துப் படுத்திருப்பதுபோல இருந்தது. நடுவில் ஒரு ஓட்டு வீடு. பக்கத்தில் வெள்ளையாக, சதுரமாக ஒரு களம்.

நான் அந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அது எந்த வீடு என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

அவள் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், ஆனைமலை ரோட்டில் உள்ள ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். தோப்பும் நிலமும் உள்ளவர்கள். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஹாஸ்டலுக்கு எதிரில் இருந்த பட்டறையில் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் நடந்தபோது அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவளுடைய அப்பா உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார், இனி அந்தப் பக்கம் வர வேண்டாமென்று. அவளும் போகவில்லை. மகன் பிறந்தான், வளர்ந்தான், படித்து வேலைக்கும் போய்விட்டான். இடையில் அவள் அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் காலேஜ் தோழி ஒருத்தி மூலம் எங்களுக்குத் தெரிந்தது. வரக்கூடாது என்று சொன்னவர் போய்விட்டார். வா என்று சொல்ல ஆளில்லை. அப்படியே நின்றுவிட்டது.

அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் படத்தைத் துடியலூருக்கு நகர்த்தினாள். "ரெண்டாவது சந்துங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"அது உங்க ஊடா?"

தலையை ஆட்டினாள். போனை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் பிறந்த வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினாள்.

"இது வாசலுங்க. இது கெணறு. இது மாடு கட்டற எடம், கட்டுத்தாரை. இங்க வேப்ப மரம் ஒண்ணு இருந்துது, இப்பக் காணோம். இந்தக் களத்துல வெள்ளையாத் தெரியுது பாருங்க, கொப்பரை காயப் போட்டிருக்கறாங்க. தேங்கா போட்ட சமயத்துல படம் எடுத்திருக்கறாங்களாட்ட இருக்குது."

அந்தப் படம் அடிக்கடி மாறாது. வருடத்துக்கு ஒரு தடவையோ என்னவோ, புதிதாக ஒன்று வரும். அதற்காக அவள் காத்திருந்திருக்கிறாள். போன தடவை இல்லாத கார் இந்தத் தடவை வாசலில் நின்றால், "தம்பி காரு வாங்கிட்டான்" என்று தெரிந்துகொள்வாளாம். தகரக் கொட்டகை ஒன்று புதிதாக முளைத்தபோது, மாடு அதிகமாகியிருக்கிறது என்று கணக்குப் போட்டாளாம். தோப்பில் சில இடத்தில் மரம் இல்லாமல் மண் தெரிந்தது. வாடல் நோய் வந்து வெட்டியிருப்பார்கள் என்றாள். அந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஆட்கள் ஒருவரும் படத்தில் தெரியவில்லை. ஆனாலும் அவர்கள் எல்லாரும் அவளுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

போய் வரலாமா என்று நான் கேட்கவில்லை. அது அவள் வாயிலிருந்து வர வேண்டியது. நான் கேட்டு அவள் போய், அங்கே முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் திரும்பினால் அந்த வலி என்னால் வந்ததாகிவிடும்.

அந்த மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளில் படம் மாறியது. நான் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க."

வீட்டின் பின்வாசலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு புதிதாக ஓடியது. கொஞ்சம் தள்ளி இருந்த குளியலறைக்கு நேராகப் போய் நின்றது. வாசல் பக்கமும் அதேபோல ஒரு கோடு.

"சிமென்ட் தளம் போட்டிருக்கறாங்க. மழைக்குச் சேறாகுதுன்னு போட்டிருப்பாங்க" என்றேன்.

"இல்லீங்க. எங்கப்பன் வாசல்ல சிமென்ட்டே போட உட மாட்டாரு. சாணி போட்டு வழிச்ச வாசல்தான் வேணும்பாரு. அவரு போனதுக்கப்பறமும் இத்தன நாள் போடல. இப்பப் போட்டிருக்கறாங்கன்னா நடக்க முடியாத ஆளு ஒண்ணு ஊட்டுல இருக்குதுன்னு அர்த்தம்." படத்தை இன்னும் பெரிதாக்கினாள். "அம்மாவுக்குத்தான் காலு முடியலயாட்ட இருக்குது."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு கோடு. அவளுக்கு அந்தக் கோட்டின் மேல் அவளுடைய அம்மா தடி ஊன்றிக்கொண்டு நடந்து போவது தெரிந்தது.

நாலைந்து நாள் போனது. சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஒருக்காப் போயிட்டு வந்தறலாமுங்களா? உள்ள போகோணும்னு இல்ல. ரோட்டுல நின்னு பாத்துப்போட்டு வந்தறலாம்."

"நாளைக்கே போலாம் அம்மணி" என்றேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். பொள்ளாச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆரஞ்சும் ரொட்டியும் பன்னும் வாங்கினாள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற சாமான்கள். உள்ளே போக வேண்டியதில்லை என்று சொன்னவள் யாருக்கு வாங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஆனைமலை ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. ரோடு அகலமாகியிருந்தது. அவளுக்கு அடையாளமாக இருந்த புளிய மரங்கள் இல்லை. இரண்டு பக்கமும் தோப்பு, தோப்புக்கு நடுவே தங்கும் விடுதிகளின் பெயர்ப் பலகைகள். பிறந்து வளர்ந்த இடத்தில் அவள் வெளியூர்க்காரிபோல ஜன்னலுக்கு வெளியே முழித்தாள்.

"மேலிருந்து பாத்தா எல்லாம் தெரியுதுங்க. கீழ ஒண்ணும் தெரியல" என்றாள்.

"அப்ப மேலயே பாரு கண்ணு. எனக்கு வழி சொல்லு."

குனிந்து போனைப் பார்த்தபடியே வழி சொன்னாள். வாய்க்கால் பாலம் தாண்டி வலது பக்கம். பிறகு கரையோடு கொஞ்ச தூரம். அப்புறம் இடது பக்கம் ஒரு மண் பாதை. படத்தில் நீலப் புள்ளி ஒன்று, நாங்கள்தான் அது, மெல்ல மெல்ல அந்த ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் போனது. "நில்லுங்க" என்றாள். நிறுத்தினேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. போனிலேயே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் நிஜ வீடு இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர், கம்பிக் கேட், வெயிலில் காய்கிற கொப்பரையின் எண்ணெய் வாசம். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. முன்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நாற்பதுக்குள் இருக்கும்.

"ஏனுங்க, ஆரு வேணுமுங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவளால் பேச முடியாது என்று தெரிந்தது. என் வாயில் வந்ததைச் சொன்னேன். "வழி தப்பி வந்துட்டமுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "மேப்புப் பாத்து வந்தீங்களா? ரிசார்ட்டுக்குப் போறவங்க பூராம் இங்கதான் வந்து நிக்கறாங்க. நம்ம ஊட்டுக்கு முன்னால கொண்டாந்து உட்டுப்போட்டு முடிஞ்சுதுங்குதாம் அது. வெயிலா இருக்குது, வாங்க, தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாம். வண்டியத் திருப்பறதுக்கும் உள்ளதான் வரோணும்."

அப்படித்தான் நாங்கள் அந்த வீட்டுக்குள் போனோம், வழி தவறிய ஆட்களாக. அந்தப் பெண் தன் தம்பியின் மனைவி என்று என் மனைவிக்குப் புரிந்திருக்கும். நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வாசலில் அந்தச் சிமென்ட் பாதை இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாத ஒன்று அதன் ஓரத்தில் இருந்தது: இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய்க் கைப்பிடி. ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், ஒரு ஆள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் மருந்தடிக்கிற பம்பு. அதைப் பிரித்து வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். கால்கள் மட்டும் துணி சுற்றி வைத்ததுபோல அசையாமல் இருந்தன.

"ரிசார்ட்டுக்குப் போறவங்களாம். வழி தப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

"உக்காருங்க" என்றான் அவன். எங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. என் மனைவி உட்காரவில்லை. அவள் கண் வீட்டுக்குள்ளே, உள்ளறைப் பக்கம், படுக்கை எங்கே என்று தேடியது. பிறகு அந்த நாற்காலியைப் பார்த்தது. சக்கரத்தையும் வாசலில் கிடந்த பாதையையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த ஆரஞ்சுப் பை கீழே சாய்ந்தது.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். அவள் வீட்டை விட்டுப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்திருப்பான் என்று தெரியாது, எனக்கு நீளமாகத்தான் இருந்தது. அவன் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அவன் அவளிடம் சொன்னான்.

"இவங்க வழியெல்லாம் தப்பல. இது எங்க அக்கா."

அந்தப் பெண் சொம்போடு அப்படியே நின்றாள். என் மனைவி அவன் பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்துகொண்டாள். "கண்ணு, உனக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"டிராக்டர் சாஞ்சுபோச்சுக்கா. வாய்க்கால் கரையில. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல இப்ப." தினமும் நாலு பேருக்குச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னான். பிறகு பம்பை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"அம்மா?"

"அதுக்கென்ன, நல்லா இருக்குது. கட்டுத்தாரையில பால் கறந்துட்டு இருக்குது."

அவள் படம் பார்த்துக் கணித்ததெல்லாம் சரிதான். வீட்டில் நடக்க முடியாத ஆள் இருந்தார். ஆள்தான் வேறு.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா பால் வாளியோடு வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். எங்களைப் பார்த்தார். மகளை அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வாளியைக் கீழே வைத்தார். திரும்பிக் கட்டுத்தாரைக்கே போய்விட்டார்.

"போக்கா" என்றான் தம்பி.

அவள் எழுந்து போனாள். நான் ஆசாரத்திலிருந்தே பார்த்தேன். ஒரு மாட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே ஏதோ பேசினார்கள். என் காதில் விழவில்லை. என்ன பேசினீர்கள் என்று பிறகும் நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேருடைய கண்ணும் சிவந்திருந்தது. அம்மா என் பக்கம் பார்க்காமல் மருமகளிடம் சொன்னார். "வந்தவங்களுக்கு மோரு குடு. சோத்துக்கு ஒல வெய்யி."

சாப்பிட்ட பிறகு தம்பி கேட்டான், "அக்கா, எனக்கு இப்படி ஆச்சுன்னு ஆரு சொன்னாங்க?"

"ஆரும் சொல்லல. இதப் பாத்தேன்." போனை அவன் கையில் கொடுத்துப் பாதையைக் காட்டினாள். அம்மாவுக்குத்தான் முடியவில்லை என்று நினைத்து வந்ததையும் சொன்னாள்.

அவன் வெகுநேரம் அதைப் பார்த்தான். அவனிடமும் போன் இருந்தது. வீடியோ பார்க்கிறதோடு சரி, தன் வீட்டை மேலிருந்து பார்க்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. "நம்ம களம் இத்தன சிறுசா?" என்றான். விரலால் தள்ளித் தோப்புக்குள் போனான். கிணறு தாண்டினான். மோட்டார் ரூம் தாண்டினான். வாய்க்கால் ஓரத்துக் கடைசி வரப்பு வரைக்கும் போனான். அங்கே மண் தெரிந்த இடங்களில் நின்றான்.

"இங்கெல்லாம் போயிருச்சா?" என்று தன் மனைவியைக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாடலில் போன மரங்களின் கணக்கை அவனிடம் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலி சிமென்ட் பாதையைத் தாண்டி மண்ணில் இறங்காது. அடிபட்டதிலிருந்து தன் தோப்பின் கடைசியை அவன் பார்க்கவே இல்லை.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க தாங்கோணுமேன்னு சொல்லல" என்றாள் அவள்.

"கோவமில்ல" என்றான். படத்தை வாசலுக்குக் கொண்டுவந்து, "இதுல நான் தெரியறனா?" என்று கேட்டான். தேடினோம். தெரியவில்லை. படம் எடுத்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்திருப்பான்.

அன்றைக்குக் கிளம்பும்போது வேன் நிறையத் தேங்காய் ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் சாயங்காலமானால் போனில் பேச ஆரம்பித்தார்கள். இவள் கணபதியில், அவன் அங்கே, இரண்டு பேரும் ஒரே படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். "கெணத்துக்கு மேக்கால மூணாவது மரம், நம்ம அப்பன் வெச்சதுக்கா அது." "அது நாலாவது. மூணாவது நீ ஏறி உழுந்தியே, அது." "நான் எங்கக்கா உழுந்தேன்?" என்று சண்டை நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவன் என்னிடம் பேச வேண்டும் என்றான். "மச்சான், இந்த வீல் சேரு மண்ணுல எறங்கற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுங்களா?"

நான் ஷாஃப்ட் கடைகிறவன், நாற்காலி செய்கிறவன் இல்லை. ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்று தோன்றியது. மொபெட் சக்கரம் இரண்டு வாங்கி, அகலமான டயர் போட்டு, அச்சு ஒன்று கடைந்து பொருத்தினேன். முதலில் கொண்டுபோனது கிணற்றைத் தாண்டுவதற்குள் புதைந்துவிட்டது. அவனைத் தூக்கி வெளியே எடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். அச்சை நீளமாக்கி, முன் சக்கரத்தைப் பெரிதாக்கி மறுபடியும் கொண்டுபோனேன். அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாவதாகச் செய்தது ஒருவர் தள்ளினால் மண்ணில் போனது.

எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். மேப்பில் ஓர் இடத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தான். வாய்க்கால் ஓரத்துக் கடைசி வரப்பு. நானும் அவன் மனைவியும் மாறி மாறித் தள்ளினோம். என் மனைவி முன்னால் நடந்து மட்டைகளை எடுத்துப் போட்டாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் நிறுத்தச் சொன்னான். படத்தில் இருந்ததைவிட அதிகமான மரங்கள் போயிருந்தன. நின்ற மரங்களிலும் பல, மட்டை தொங்கிக்கொண்டு மஞ்சளாக இருந்தன. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெட்டிய இடத்தில் அடிமரங்கள் வரிசையாக இருந்தன. அழுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எடம் பெருசாத்தான் இருக்குது" என்றான் கடைசியில். "சும்மா உடக்கூடாது. ஜாதிக்கா வெக்கலாமா என்னான்னு கேக்கோணும்." அடுத்த வாரமே ஆள் விட்டு அடிமரங்களைத் தோண்டி எடுக்கச் சொன்னான். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்ப் பார்க்கிறான்.

நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். என் மகனும் வந்து பார்த்துவிட்டுப் போனான். பாட்டி அவனை விடவே இல்லை. என்னிடம் மட்டும் மாமியார் பேசியதில்லை. குறை வைத்தார் என்று சொல்ல முடியாது. இலையில் முதலில் எனக்குத்தான் பரிமாறுவார். ஆனால் "அவருக்குக் கொழம்பு போதுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். நானும் மகளிடமே பதில் சொல்வேன். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. மகள் இல்லாமல் போன வருடங்களுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டுமல்லவா? கணவர்மேல் இனிக் கோபப்பட முடியாது. மகள்மேல் முடியவில்லை. மிச்சம் நான்தான்.

போன மாதம் அவருக்குக் கண்புரை பார்க்கப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருந்தது. தம்பியின் காரை அவன் மனைவி வேறு வேலையாக எடுத்துப் போய்விட்டாள். எங்கள் வேனில் கூட்டிப்போனோம். பின் சீட்டில் ஏற அவருக்குக் கால் எட்டவில்லை. முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மனைவி பின்னால். பின்னாலிருந்து அவளால் வழி சொல்ல முடியாததால் போனைச் சத்தமாகப் பேச விட்டிருந்தேன்.

பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு பிரிவில் போன் இடது பக்கம் திரும்பச் சொன்னது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

"அது கெடக்குது. நேரா போங்க" என்றார் மாமியார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன். அவளும் கேட்டிருந்தாள். நான் நேராகப் போனேன். போன் திரும்பத் திரும்ப வேறு வழி சொன்னது. "அதுக்கு என்ன தெரியும், இதுதான் சுருக்கு வழி" என்றார். கொஞ்ச தூரத்தில் பாலம் கட்டுவதற்காக ரோட்டையே தோண்டிப் போட்டிருந்தார்கள். குறுக்கே தகரம் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தினேன். மூன்று பேரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"முன்னெல்லாம் இப்படி இல்ல" என்றார் மாமியார்.

"பரவால்லீங்க அத்தை. திருப்பிக்கலாம்."

பின்னால் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்கள் முறை தாண்டிப் போயிருந்தது. மறுபடியும் கூப்பிடும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். மனைவி பதிவுச் சீட்டு விஷயமாக கவுன்டருக்குப் போனாள். பெஞ்சில் நானும் மாமியாரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பட்டறையில என்ன வேலைங்க செய்யறீங்க?" என்று கேட்டார்.

ஷாஃப்ட் என்றால் என்ன, அது பம்புக்குள் எங்கே இருக்கும், கடைவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கிணற்று மோட்டார் ஏன் அடிக்கடி சத்தம் போடுகிறது என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது பிரித்துப் பார்க்கிறேன் என்றேன். "பாருங்க மாப்பிள்ளை" என்றார். உள்ளே கூப்பிட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.